மச்சக் குண்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வாசல் காவலாளியிலிருந்து தலைமை டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் தராசுதான். காரணம் பெரிய ரகசியமில்லை. தினமும் காலையில் வந்ததும் ஒரு கிராம் எடைக்கல்லை இடுக்கியால் தூக்கித் தராசில் வைத்து, அது ஒரு கிராம்தான் என்று தராசு ஒப்புக்கொண்ட பிறகே தோளிலிருந்து பையை இறக்குவாள். கடைத்தெருவிலும் அதே குணம். முள் ஆடி நிற்பதற்குள் பையை நீட்டமாட்டாள். தூரத்தில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள் "வந்துட்டாங்கய்யா" என்று முனகிக்கொண்டு தட்டைத் துடைப்பார்கள்.

அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைப்பானேன். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ஒரு எண்கூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. சந்தேகப்பட்டு வேறிடத்தில் கொடுத்துச் சோதித்தவர்களெல்லாம் சுற்றிச் சுற்றி அவள் எண்ணுக்கே வந்து சேர்ந்தார்கள். அப்படிப்பட்டவள் தலையை நிமிர்த்தி நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பருவத்தில்தான் வாத்துகள் வரத் தொடங்கின. ஊருக்கு வெளியே பெரிய ஏரி. வருஷாவருஷம் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் காட்டு வாத்துகள் வந்து இறங்கும், சில மாதம் தங்கும், ஒருநாள் மொத்தமாகக் கிளம்பிவிடும். இந்த முறை சில கிளம்பவில்லை. இறக்கைகள் இரண்டும் ஓட்டுக்கூரை போலச் சரிந்து தொங்க, நாணல் ஓரம் உட்கார்ந்துவிட்டன. ஆள் கிட்டப் போனாலும் பறக்கவில்லை. தூக்கினால் கையில் கனமே இல்லை. மார்பெலும்பு மட்டும் விரலில் இடறியது. ஏரிக் காவலர் செத்துப்போனவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று அட்டை எழுதிக் கட்டி அனுப்பினார்.

தராசு பையைப் பிரித்து, வாத்தை மல்லாத்தி, ஈரலில் ஒரு துண்டு, சிறுநீரகத்தில் ஒரு துண்டு, மார்புக் கறியில் ஒரு துண்டு எடுப்பாள். படிவத்தில் அந்த மூன்றுக்கும்தான் கட்டம் இருந்தது. மிச்சமெல்லாம் சிவப்புப் பைக்குப் போகும். சிவப்புப் பை ஃப்ரீசருக்குப் போகும். புதன்கிழமை வருகிற லாரி அதை எரிக்கக் கொண்டுபோகும். எடுத்த துண்டுகளை அமிலத்தில் கரைத்து, கூடவே கறி போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் ஒரு குடுவையில் வைத்து, வரிசையாகக் கருவிக்குக் கொடுப்பாள். தன் வீட்டு அழுக்கை வாத்தின் தலையில் கட்டிவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான் அந்த வெறும் குடுவை.

ஒரு கிலோ ஈரலுக்கு இரண்டு மில்லிகிராம் ஈயம் வரை ஒரு வாத்து தாங்கிக்கொள்ளும். முதல் வாத்துக்குக் கருவி காட்டியது இருபத்தெட்டு.

"ஈயம்," என்று டாக்டரின் அறைக்குள் நுழையும்போதே சொன்னாள். "கிலோவுக்கு இருபத்தெட்டு. இது வாத்தே இல்ல டாக்டர், பேட்டரி."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கிருந்து வந்திருக்கும்?"

"இதென்ன கேள்வி? ஏரிக்கரையில பேட்டரி ஆலை எதுக்கு நிக்குது, அழகுக்கா? அவங்க கழிவுதான். அடிச்சுச் சொல்றேன்."

"எண்ணை எழுதும்மா. ஆளை அப்புறம் பார்த்துக்கலாம்."

டாக்டர் அப்படித்தான். வெயில் அடிக்கிறது என்று சொல்வதற்கே ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்படித்தான் தோணுது" என்பவர். தராசுக்கு அந்தப் பொறுமை கிடையாது. டீக்கடையில் சொன்னாள். ஏரிக் காவலரிடம் சொன்னாள். வாத்துச் சாவுக்காக அரசு போட்டிருந்த விசாரணைக் குழு அலுவலகத்திலிருந்து விவரம் கேட்டுப் போன் செய்த எழுத்தரிடம், "என் அறிக்கை வரட்டும் சார், ஆலைக் கதவுக்குப் பூட்டு வாங்கி வச்சுக்குங்க" என்றே சொன்னாள். இரண்டு வாரத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. ஆலையில் வேலை பார்க்கிற முந்நூறு பேரும் வேறு வேலை விசாரிக்கத் தொடங்கினார்கள். குழு விசாரணைக்கு நாள் குறித்தது: அடுத்த வெள்ளிக்கிழமை. தராசு தரும் அறிக்கையை வைத்துத்தான் முடிவு என்றும் அறிவித்துவிட்டது.

இதில் எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் அவளுடைய அண்ணன்.

அண்ணன் ஈயக் குண்டு வார்ப்பவர். தூண்டில் நூல் தண்ணீருக்குள் இறங்க அதில் ஒரு குண்டைக் கடித்து மாட்டுவார்களே, அந்தக் குண்டு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு அடுப்பு, அடுப்பின் மேல் இரும்புச் சட்டி, சட்டியில் தளதளவென்று ஈயம். பட்டாணி அளவுக் குண்டு, நடுவில் நூல் போக ஒரு வெட்டு. அச்சை அவரே செய்தார். குழி துளைத்த கருவியின் முனை லேசாக உடைந்திருந்ததால் ஒவ்வொரு குழியிலும் ஒரு பொட்டுப் பள்ளம் விழுந்துவிட்டது. வார்க்கிற ஒவ்வொரு குண்டிலும் அதே இடத்தில் கடுகில் பாதி அளவு ஒரு மேடு வந்தது. வேறொருவராயிருந்தால் அரத்தை எடுத்து ராவியிருப்பார். அண்ணன், "அது மச்சம்யா, அதிர்ஷ்டம்" என்றார். அன்றைக்கு அவர் அடித்த ஜோக்கை மீன்பிடிக்கிறவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். "மச்சக் குண்டு இருக்கா?" என்று கேட்டுத்தான் கடையில் வாங்குவார்கள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நூலில் அவருடைய குண்டுதான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையைப் படிக்க வைத்ததும் அந்தக் கொட்டகைதான். இதை அண்ணன் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டாததால் அவளுக்கு அது ஒருநாளும் மறந்ததும் இல்லை.

ஆலையின்மேல் அண்ணனுக்கு ஒரு பழைய கடுப்பு. அவர் வழக்கமாகத் தூண்டில் போடுகிற இடத்தை வளைத்து வேலி போட்டுவிட்டார்கள். அதனால் தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்பார்: "இன்னிக்கு வாத்து என்ன சொல்லிச்சு?"

"முப்பத்தொன்னுண்ணே."

"விடாத. ஆணி அடிச்ச மாதிரி எழுது. வெள்ளிக்கிழமை நானும் வரேன், அந்த மேனேஜர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும்."

"வாயேன். முன் வரிசையில உட்காரு."

இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். சந்தேகம் என்ற சாமானை வீட்டில் வாங்கி வைக்கிற வழக்கமே இல்லை.

விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை தராசு எல்லா எண்களையும் ஒரே தாளில் எழுதினாள். முப்பத்தோரு வாத்து. எழுதி முடித்துப் பார்த்தபோது முதல் முறையாக ஏதோ உறுத்தியது. ஒரே நாளில் ஒரே நாணல் புதரருகே எடுத்த இரண்டு வாத்துகள். ஒன்றுக்கு முப்பது, மற்றதற்கு அரைகூட இல்லை. அதைவிடக் கொடுமை, ஆலையின் கழிவு வாய்க்கால் ஏரியில் கலக்கிற இடத்தில் எடுத்த ஆறும் சுத்தம். நாய் கடித்துச் செத்தது, கம்பியில் மோதிச் செத்தது. ஈயத்தால் ஒன்றுகூட இல்லை.

தன் கை தப்புச் செய்துவிட்டதோ என்றுதான் முதலில் பார்த்தாள். ஒவ்வொரு ஈரல் துண்டிலும் கரைக்காமல் எடுத்து வைத்திருந்த பாதியை எடுத்து, புதிய அமிலத்தில், புதிய குடுவையில், ஆதியோடந்தமாக மறுபடி செய்தாள். எண்கள் அட்சரம் பிசகாமல் திரும்பி வந்தன. எண் சரி. அப்படியானால் சரியில்லாதது எது என்ற கேள்விக்கு மிஞ்சியிருந்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் அந்தத் தண்ணீரில் கிடந்த எல்லா வாத்துக்கும் பங்கு வந்திருக்க வேண்டும். இது பங்கு வந்த மாதிரி இல்லை. குலுக்கலில் சிலருக்கு மட்டும் விழுந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் அண்ணி ஒரு வாத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். துப்பாக்கி வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அண்ணி! அதைத் தூக்கி எறிங்க முதல்ல!"

"ஏன் இப்படிக் கத்துற? முக்கால் மணி நேரமா இறகு பிடுங்கியிருக்கேன், இடுப்பு விட்டுப்போச்சு. வரும்போதே சொல்லிட்டு வரக்கூடாதா?"

"வீட்டுக்கு வாத்து வரும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? ஊரே பேசுது, வாத்துல ஈயம்னு. நீங்க என்னடான்னா..."

"ஊரு பேசுறதெல்லாம் கேட்டா உலையே வைக்க முடியாது." அண்ணி கையைக் கழுவிக்கொண்டாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக ஜன்னல் திட்டிலிருந்த சின்னத் தட்டை எடுத்து நீட்டினாள். "நல்லவேளை வந்த. இது என்ன சொல்லு. இரைப்பையைக் கீறினா வழக்கமா மண்ணும் கல்லும்தானே கொட்டும். இதுவும் கல்லுன்னுதான் நினைச்சேன். கத்தி பட்டா வெட்டுதுடி! கல்லு எங்கயாவது வெட்டுமா?"

தட்டில் மூன்று சாம்பல் நிறத் துணுக்குகள். தராசு ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். கீறிய இடம் பளிச்சென்று மின்னியது. துப்பாக்கிக் குண்டாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் துப்பாக்கிக் குண்டு சதையில் அல்லவா இருக்கும், இரைப்பைக்குள் அதற்கென்ன வேலை? இரண்டாவதை எடுத்தாள். நடுவில் ஒரு வெட்டு. மூன்றாவதில் வெட்டும் இருந்தது, வெட்டுக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன, ஆனாலும் விரல் நுனிக்குத் தட்டுப்படுகிற, கடுகில் பாதி அளவு ஒரு மேடும் இருந்தது.

"உங்க அண்ணன் குண்டு மாதிரி இல்ல?" என்றாள் அண்ணி, சாதாரணமாக.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்று சொல்வார்களே, அதன் அர்த்தம் தராசுக்கு அந்த நிமிஷம் முழுசாக விளங்கியது.

பறவைக்குப் பல் இல்லை. பொடிக் கற்களைப் பொறுக்கி விழுங்கி, வயிற்றிலுள்ள அரைவைப்பையில் வைத்துக்கொண்டு அவற்றால் இரையை அரைக்கிறது. கரையோரச் சேற்றில் அலகை விட்டுத் துழாவுகிற வாத்துக்குக் கல் எது, அறுந்து விழுந்த குண்டு எது என்று யார் சொல்லித் தருவது? விழுங்கிவிடும். விழுங்கியதைப் பை அரைக்கும். அரைபட்ட ஈயம் ரத்தத்தில் ஏறும். இதெல்லாம் அவள் படித்ததுதான். படித்துப் பாஸ் செய்து, வேலைக்கு வந்து, பன்னிரண்டு வருஷமாக அந்த அரைவைப்பையைத் திறக்காமலே சிவப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக.

செவ்வாய்க்கிழமை காலை எடைக்கல்லை வைத்துப் பார்க்கக்கூட நிற்கவில்லை. நேரே ஃப்ரீசருக்குப் போனாள். லாரி ஏற்கெனவே இரண்டு புதன்கிழமை வந்து போய்விட்டது. முப்பத்தொன்றில் பதினொன்றின் பைகள்தான் மிச்சம். பதினொன்றையும் பிரித்து, அரைவைப்பைகளைக் கீறி, ஒவ்வொன்றிலிருந்தும் கொட்டியதை வெள்ளைத் தட்டில் பரப்பினாள். ஈரல் சுத்தமாக இருந்த நான்கிலும் மணலும் விதையும் கூழாங்கல்லும். ஈரல் கெட்டிருந்த ஏழில் ஆறில் ஈயம். சில மீன் செதில் மாதிரித் தேய்ந்திருந்தன, சில நேற்று விழுங்கியவை போல உருண்டையாகவே இருந்தன. ஏழாவதில் எதுவும் இல்லை. மொத்தமும் அரைத்துக் கரைந்து போயிருந்தது, அந்த வாத்துக்குத்தான் எண்ணும் உச்சம். கிடைத்த துணுக்குகளில் ஐந்தில் மச்சம் இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து துணுக்குகளை எண்ணிப் பார்த்தார்.

"ஆலை இல்ல டாக்டர். நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்."

"அப்படித்தான் தோணுது," என்றார் டாக்டர். வேறு யாராவது சொல்லியிருந்தால் குத்திக்காட்டுவது போலிருக்கும். "படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"ஸ்கேல் இருக்கு, பேனா இருக்கு. நான் கோடு போட்டுக்கறேன்."

டாக்டர் இடுக்கியால் ஒரு துணுக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல ஒரு புள்ளி மாதிரி இருக்கு. யார் வார்ப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மேலே கேட்கவில்லை. அவள் வீட்டுக் கொட்டகையில் என்ன வேலை நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை; அவரும் ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு போகிறவர்தான்.

அன்று மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அண்ணன் கொட்டகையில் இருந்தார். சட்டியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. அவள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பலகைமேல் வைத்தாள்.

"என்னது?"

"வாத்து சொன்னது."

அண்ணன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். கட்டைவிரல் தானாகவே மச்சத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இது எப்படி..."

அவள் சொன்னாள். நாணல் ஓரம், அறுந்த நூல், சேறு, அரைவைப்பை, ஏழில் ஆறு. ஒன்றையும் குறைக்கவுமில்லை, பூசவுமில்லை. அண்ணன் அகப்பையைக் கீழே வைத்தார்.

"உன் படிவத்துல இதைக் கேட்டிருக்காங்களா?"

"இல்ல."

"ஈரல், சிறுநீரகம், கறி. அவ்வளவுதானே? கேட்டதுக்குப் பதில் எழுது. கேக்காததை ஏன் எழுதுற?"

"எழுதலைன்னா ஆலையை மூடிடுவாங்கண்ணே. மூடின பிறகும் வாத்து சாகும்."

"அதுக்காக என் அடுப்பை அணைக்கணுமா?" அண்ணன் குரல் உயர்ந்தது. "எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு? இந்த வயசுல போய் எவன்கிட்ட நிக்கட்டும்? உன் படிப்பு, இந்த வீடு, உன் அண்ணி தின்ன சோறு, எல்லாம் இந்தச் சட்டியில இருந்து வந்ததுடி!"

வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்லிக்காட்டிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே அது கசந்ததென்று முகத்தில் தெரிந்தது. அழுதுவிட்டால் பேச முடியாது என்பதால் தராசு அழாமல் பேசினாள்.

"தெரியும்ண்ணே. நீ ஒரு குண்டு கூட எடை குறையாம வார்க்கிறதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலையே பிடிச்சுது. நான் பொய் எழுதினா நீ பொய்யா வார்த்த மாதிரி. எழுதத்தான் போறேன். உன் பேரை எழுதமாட்டேன், படிவம் பேரைக் கேக்கல. ஆனா யாராவது நேருக்கு நேர் கேட்டா மறைக்க எனக்கு வராது."

"போ," என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணன் அண்ணியிடம், "உப்பு வேணும்னு அவகிட்டச் சொல்லு" என்பார். உப்பு தராசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அண்ணி இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்னால் நீள மேசையில் குழுவினர் ஐந்து பேர். ஒரு பக்கம் ஆலை மேனேஜர், இஸ்திரி கலையாத சட்டையும் கையில் ஒரு கட்டுக் காகிதமுமாக. பின் வரிசைகளில் ஆலைத் தொழிலாளர்கள், மீன்பிடிக்கிறவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தராசு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வந்திருந்தார். முன் வரிசையில் இல்லை. கடைசியில், கதவுப் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வந்தது எதற்கென்று அவள் யோசிக்க நேரமில்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்து நின்றாள். குரல் கணீரென்று வந்தது.

"முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கறேன். ஆலைதான் காரணம்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். சொன்னது எல்லா எண்ணும் வர்றதுக்கு முன்னாடி. எல்லாம் வந்த பிறகு பார்த்தா அது இல்ல. ஆலை வாய்க்கால் பக்கம் எடுத்த ஆறு வாத்தும் சுத்தம்."

மண்டபத்தில் சலசலப்பு. ஆலைத் தொழிலாளர்கள் பக்கம் யாரோ கைதட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. பேனாவால் கோடு போட்டுச் சேர்த்த கட்டத்தைக் காட்டி, எந்த வாத்தின் பையில் எத்தனை துணுக்கு, அதன் ஈரலில் எவ்வளவு ஈயம் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். வெள்ளைத் தட்டைக் குழுவின் முன்னால் வைத்தாள். "தூண்டில் குண்டு. ஏரியில ஈயக் குண்டு விழுற வரைக்கும் வாத்து சாகும்."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. எழுந்து தட்டை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாங்க முறைப்படி தொழில் பண்றவங்க. இதைப் பாருங்க, எவனோ தெருவோரத்துல மட்டமா வார்த்த சரக்கு. சரியா வார்க்கத் தெரியாதவன் வார்த்தா நூல்ல நிக்குமா? கழண்டு கழண்டு விழுது, வாத்து தின்னுது. அந்தத் தெரியாதவன் யாருன்னு கண்டுபிடிங்க."

குழுத் தலைவர் தராசைப் பார்த்தார். "யார் தயாரிச்சதுன்னு சொல்ல முடியுமாம்மா?"

நேருக்கு நேர் கேட்டுவிட்டார்கள். தராசு மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"யாருய்யா மட்டமா வார்த்தது?"

கதவுப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் மண்டபமே திரும்பியது. அண்ணன் கட்டிய கையைப் பிரித்துவிட்டு நடுவழியே வந்துகொண்டிருந்தார்.

"கழண்டு விழுதா? என் குண்டா? இருபத்தஞ்சு வருஷமா வார்க்கிறேன், ஒரு குண்டு நூல்ல இருந்து கழண்டதுன்னு எவனையாவது சொல்லச் சொல்லுங்க! நூல் அறும், குண்டு கழலாது. நல்லாப் பாருங்க சார், வெட்டுக்குப் பக்கத்துல மச்சம் இருக்கும். அது எவனோ வார்த்ததில்ல. நான் வார்த்தது!"

மீன்பிடிக்கிறவர்கள் பக்கமிருந்து ஒருவர் தன்னை மறந்து, "ஆமா சார், கழலாது" என்றார். சிரிப்பு கிளம்பிப் பாதியில் அடங்கியது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. மேசைக்கு நாலடி தூரத்தில் நின்றார். தட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நான்தான்," என்றார் மறுபடியும், குரலைத் தணித்து. "அவ எழுதினது எல்லாம் சரி. அவ எண் மாறாது."

தராசுக்கு அங்கேயே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, அறிக்கையின் மிச்சமிருந்த இரண்டு வரியைப் படித்து முடித்தாள். அந்த ஏரியில் ஈயக் குண்டு கூடாது என்று குழு அன்றைக்கே எழுதியது. ஆலைக் கதவுக்கென்று எழுத்தர் நிஜமாகவே வாங்கிவிட்ட பூட்டு குழு அலுவலக அலமாரியில் கிடக்கிறது.

திங்கட்கிழமை காலை அவள் எடைக்கல்லை இடுக்கியால் தூக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஒரு துணி மூட்டையை மேசைமேல் வைத்தார். பிரித்தால் அச்சு.

"இதையும் உன் சிவப்புப் பையில போட்டுடு. வெள்ளீயத்துல வார்க்கலாம்னு கடைக்காரன் சொல்றான், அதுல விஷம் இல்லையாம். அது ஈயத்தைவிட லேசு, குழி பெருசா வேணும். வேற அச்சு செஞ்சுக்கறேன். முனை உடையாத கருவியா வாங்கணும்."

"உடைஞ்சதையே வாங்குண்ணே. மச்சம் இல்லாட்டி எவன் வாங்குவான்?"

அண்ணன் சிரித்தார். ஆனால் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டையின் இடது கையைச் சுருட்டத் தொடங்கினார். முழங்கைக்கு மேலே போகும்வரை நிதானமாகச் சுருட்டினார்.

"அந்த வாத்து எத்தனை குண்டு தின்னுச்சு?"

"நாலு, அஞ்சு."

"நான் இருபத்தஞ்சு வருஷமா புகையைத் தின்னிருக்கேன். ரெண்டு மாசமா விரல்ல பிடிமானம் இல்ல, அகப்பை நழுவுது. உன் அண்ணிகிட்டச் சொல்லல." கையை நீட்டினார். "என்னையும் பாரு."

அவருடைய தோள்கள் இரண்டும் லேசாகச் சரிந்திருந்தன. தினமும் பார்க்கிற தோள்தான். சோற்றுத் தட்டுக்கு எதிரில் வருஷக்கணக்காகப் பார்த்த தோள்தான். முப்பத்தோரு வாத்தின் இறக்கையைப் பார்த்தவள், இந்தச் சரிவை ஒருநாளும் கவனிக்கவில்லை.

"இங்க வாத்துக்குத்தான்ணே பார்ப்போம்," என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், குரல் ஒத்துழைக்கவில்லை.

"அப்ப வாத்துன்னே எழுதிக்கோ. உன் அண்ணி என்னை வாத்து மடையன்னுதானே சொல்றா."

டாக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்காமல், புதிதாகப் பிரித்த ஊசியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்து தானே ரத்தம் எடுத்தார். "நம்ம கருவியும் பார்க்கட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"ரத்தத்துல ஏறின ஈயம் இறங்கும்ண்ணே," என்றாள் தராசு. இப்போது குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. "அடுப்பை அணைச்சாச்சு, இனிமே ஏறாது. மிச்சத்துக்கு மருந்து இருக்கு. மாசாமாசம் நான் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் எண் குறையும். அடிச்சுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு டாக்டரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைத் திறந்து பார்க்கப் போகவில்லை. "குறையும்" என்றார்.

தராசு பதிவேட்டைத் திறந்தாள். முப்பத்தொன்றுக்குக் கீழே முப்பத்திரண்டு என்று எண் போட்டாள். தேதி எழுதினாள். எடுத்த இடம் என்ற கட்டத்தில் வீட்டு விலாசம். அடுத்த கட்டம், பறவையின் இனம். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தெளிவான கையெழுத்தில், ஆணி அடித்த மாதிரி, அண்ணன் என்று எழுதினாள்.